ஓர் அணிக்கு ஒரே கோல்கீப்பர்: மேரி ஏர்ப்ஸ் கடந்து வந்த பாதை

கால்பந்தில் மற்ற எந்த ஆட்டக்காரருக்கும் இல்லாத ஒரு நெருக்கடி கோல்கீப்பருக்கு உண்டு. வலது ஓரத்தில் இடம் கிடைக்காதவர் இடது ஓரத்துக்கு மாறலாம். நடுக்களத்தில் ஆடுபவரைத் தேவைப்பட்டால் பின்வரிசையில் நிறுத்தலாம். எதுவும் அமையாவிட்டாலும் எழுபதாவது நிமிடத்தில் மாற்று வீராங்கனையாக இறங்கி, மிச்சமுள்ள இருபது நிமிடத்தில் பெயர் வாங்கிவிடலாம். கோல்கீப்பருக்கு இந்த வழிகள் எதுவும் கிடையாது. அணிக்கு ஓர் ஆள்தான். அவர் காயம்பட்டாலோ சிவப்பு அட்டை வாங்கினாலோ ஒழிய, இரண்டாமவருக்கு வேலை வராது. 2023 மகளிர் உலகக் கோப்பைக்கு ஒவ்வொரு நாடும் அனுப்பிய 23 பேரில் மூவர் கோல்கீப்பர்களாக இருந்தாக வேண்டும் என்பது விதி. அந்த மூவரில் இருவர் பெரும்பாலும் ஒரு நிமிடம்கூட ஆடாமல் ஊர் திரும்புவார்கள்.

இங்கிலாந்தின் மேரி ஏர்ப்ஸ் இந்த வரிசையின் எல்லாப் படிகளிலும் நின்றவர். 2019 உலகக் கோப்பையில் மூன்றாவது ஆள். 2020-ல் தேசிய அணிப் பட்டியலிலேயே இல்லை. 2022-ல் ஐரோப்பியச் சாம்பியன், 2023-ல் உலகக் கோப்பையின் சிறந்த கோல்கீப்பர். 2025-ல் மறுபடியும் இரண்டாவது ஆளாகும் நிலை வந்தபோது, சர்வதேச ஆட்டத்திலிருந்தே விலகிவிட்டார். இவ்வளவுக்கும் இடையில் அவருடைய கைகளும் கால்களும் அப்படி ஒன்றும் மாறிவிடவில்லை. எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்ற கணக்கைவிட, அந்த ஒற்றை இடத்தை யார் யாருக்குக் கொடுத்தார்கள் என்பதை வைத்துத்தான் அவருடைய ஏற்ற இறக்கத்தைப் புரிந்துகொள்ள முடியும் என்று நான் நினைக்கிறேன்.

ஏர்ப்ஸ் பிறந்தது 1993 மார்ச் 7 அன்று, நாட்டிங்ஹாம் பகுதியில். சிறு வயதில் ஆடியது வெஸ்ட் பிரிட்ஜ்ஃபோர்ட் கோல்ட்ஸ் என்ற உள்ளூர் அணிக்காக. அவர் வளர்ந்த காலத்தில் இங்கிலாந்தில் ஒரு பெண் கால்பந்தை நம்பிப் பிழைக்க முடியும் என்று யாரும் உறுதி சொல்லியிருக்க மாட்டார்கள். அந்நாட்டுக் கால்பந்துச் சங்கம் 1921-ல் பெண்கள் ஆட்டத்துக்குத் தன் உறுப்பினர் மைதானங்களைத் தர மறுத்து விதித்த தடை ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் நீடித்தது. அந்த அரை நூற்றாண்டு இழப்பின் கடனைத்தான் பின்னால் வந்த தலைமுறைகள் அடைத்துக்கொண்டிருந்தன. மகளிர் சூப்பர் லீக் தொடங்கியதே 2011-ல்தான். அதில் எல்லா அணிகளும் முழுநேரத் தொழில்முறை அணிகளாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை 2018-ல்தான் வந்தது.

ஏர்ப்ஸ் அந்த லீக்கின் முதல் ஆண்டிலேயே டான்காஸ்டர் ரோவர்ஸ் பெல்ஸ் அணிக்கு ஆடத் தொடங்கினார். அடுத்து பர்மிங்ஹாம், பிரிஸ்டல், ரெடிங் என்று ஊர் ஊராக மாறினார். இத்தனை அணி மாற்றங்களை ஒருவர் நிலையில்லாதவர் என்பதற்குச் சான்றாகச் சிலர் படிக்கக்கூடும். கோல்கீப்பர்கள் விஷயத்தில் அது தவறான வாசிப்பு. ஓர் அணியில் முதல் இடம் அடைபட்டிருந்தால், திறந்திருக்கும் இடம் எந்த ஊரில் இருக்கிறதோ அங்கே போவதைத் தவிர வேறு வழியில்லை. கையெழுத்தாகும் ஒப்பந்தங்களும் அப்போது குறுகிய காலத்துக்கானவை, தொகையும் சிறிது. அதனால்தான் அவர் ஆடிக்கொண்டே லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் தகவல் மேலாண்மையும் வணிகமும் படித்து 2016-ல் பட்டம் பெற்றார். கால்பந்து கைவிட்டால் பிடித்துக்கொள்ள ஏதாவது வேண்டும் என்ற கணக்கு அன்றைய வீராங்கனைகள் பலரிடமும் இருந்தது.

அதே லஃப்பரோவில்தான் இந்தியாவின் கோல்கீப்பர் அதிதி சௌஹானும் விளையாட்டு மேலாண்மை படித்தார். 2015-ல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணியில் சேர்ந்து, இங்கிலாந்தின் மகளிர் லீக் ஆட்டங்களில் இறங்கிய முதல் இந்தியப் பெண் ஆனார். பிறகு இந்தியா திரும்பி, கோகுலம் கேரளா அணியுடன் இந்திய மகளிர் லீக் பட்டங்களை வென்றார். 2022 ஜனவரியில் நவி மும்பையில் நடந்த ஆசியக் கோப்பையில், ஈரானுடன் 0-0 என்று முடிந்த முதல் ஆட்டத்தில் கோல் முன்னே நின்றவர் அவர்தான். அடுத்த ஆட்டத்துக்குள் அணிக்குள் கொரோனா பரவி, ஆளில்லாமல் இந்தியா போட்டியையே இழந்தது. சொந்த மண்ணில் கிடைத்த வாய்ப்பு ஒரே ஆட்டத்துடன் முடிந்துவிட்டது. 2025 ஜூலையில் அதிதி ஓய்வு பெற்றார். இரண்டு கோல்கீப்பர்களின் கதையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் திறமை வித்தியாசத்தைவிட, ஆட்ட எண்ணிக்கையும் சம்பளமும் பயிற்சியும் அமைந்த நாட்டின் வித்தியாசமே பெரிதாகத் தெரிகிறது.

2018-ல் ஏர்ப்ஸ் ஜெர்மனியின் வோல்ஃப்ஸ்பர்க் அணிக்குப் போனார். ஐரோப்பாவின் மிகப் பலமான அணிகளில் ஒன்று. அந்தப் பருவத்தில் லீக்கையும் ஜெர்மன் கோப்பையையும் அந்த அணி வென்றது. அங்கே முதல் கோல்கீப்பர் அல்மூத் ஷூல்ட், ஜெர்மனிக்கு ஒலிம்பிக் தங்கம் வென்று தந்தவர். ஏர்ப்ஸுக்குக் கிடைத்த ஆட்டங்கள் குறைவு. ஆனாலும் முழுநேரத் தொழில்முறைக் கூடாரம் எப்படி இயங்கும், ஒரு கோல்கீப்பரை எவ்வளவு கடுமையாகத் தயார் செய்வார்கள் என்பதை அவர் நேரில் கண்டது அங்கேதான். மறு ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட் அழைத்தது. அந்தக் கிளப் பெண்கள் அணியை மறுபடி தொடங்கியே ஓர் ஆண்டுதான் ஆகியிருந்தது. புதிய அணி, நிரப்பப்படாத இடம். அடுத்த ஐந்து ஆண்டுகள் அந்த இடம் அவருடையதாக இருந்தது.

தேசிய அணியில் கதை வேறு. 2017 ஜூனில் சுவிட்சர்லாந்துக்கு எதிராக 4-0 என்று வென்ற ஆட்டத்தில் அறிமுகமானார். 2019 உலகக் கோப்பையில் கரென் பார்ட்ஸ்லி, கார்லி டெல்ஃபோர்ட் இருவருக்கும் பின்னால் நின்றார். பார்ட்ஸ்லி காயம்பட்டு அரையிறுதியில் டெல்ஃபோர்ட் இறங்கினார். மூன்றாமவருக்கு அப்போதும் வேளை வரவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வெம்ப்ளியில் ஜெர்மனிக்கு எதிரான ஆட்டத்தை 77,768 பேர் நேரில் பார்த்தார்கள். ஏர்ப்ஸ் கோல் முன்னே நின்றார். ஆட்டம் முடியும் தறுவாயில் விழுந்த கோலில் இங்கிலாந்து 2-1 என்று தோற்றது. அதன்பின் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் அவர் நாட்டுக்காக ஆடவில்லை. கொஞ்ச காலத்தில் பட்டியலில் பெயரும் வருவது நின்றது.

முன்கள வீராங்கனை ஒருவர் ஓர் ஆட்டத்தில் நான்கு வாய்ப்புகளைத் தவறவிட்டாலும் ஐந்தாவதை அடித்தால் எல்லாம் மன்னிக்கப்படும். கோல்கீப்பர் எட்டைத் தடுத்து ஒன்றை விட்டால், நினைவில் நிற்பது அந்த ஒன்றுதான். இது எல்லோரும் சொல்வது. அதைவிடக் கொடியது, அந்த ஒன்றைச் சரிசெய்ய அடுத்த ஆட்டம் கிடைக்காமல் போவது. ஏர்ப்ஸுக்கு நடந்தது அதுதான். 2020-ல் சமையலறைத் தரையில் உட்கார்ந்து கதறி அழுததையும், ஆட்டத்தை விட்டுவிடலாம் என்று முடிவெடுக்கும் அளவுக்குப் போனதையும் அவரே பின்னாளில் பலமுறை வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு வயது 27. கோல்கீப்பர்கள் முப்பதைத் தாண்டித்தான் உச்சத்துக்கு வருவார்கள் என்பது இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஆனால் அதுவரை காத்திருக்கும் தெம்பு எத்தனை பேருக்கு இருக்கும்? எத்தனை நல்ல கோல்கீப்பர்கள் 27 வயதில் கையுறையைக் கழற்றி வைத்துவிட்டு வேறு வேலைக்குப் போயிருப்பார்கள் என்று யோசிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது.

2021 செப்டம்பரில் டச்சுக்காரரான சரினா வீக்மன் இங்கிலாந்தின் பயிற்சியாளராகப் பொறுப்பேற்றார். முதல் பட்டியலிலேயே ஏர்ப்ஸின் பெயர் இருந்தது. முதல் ஆட்டத்திலேயே களத்தில் இறக்கினார். பழைய கணக்குகளைச் சுமக்காத புதிய கண் ஒன்று பார்த்தது, அவ்வளவுதான் நடந்தது. உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் இங்கிலாந்து பத்து ஆட்டங்களில் 80 கோல்கள் அடித்து ஒன்றுகூட வாங்கவில்லை. லாத்வியாவை 20-0 என்று வென்றது. இப்படிப்பட்ட ஆட்டத்தில் கோல்கீப்பருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். எண்பது நிமிடம் எதிர்முனையில் நடப்பதைப் பார்த்துக்கொண்டே இருந்து, எண்பத்தோராவது நிமிடத்தில் வரும் ஒரே ஒரு பந்துக்கு உடல் சூடாறாமலும் கவனம் சிதறாமலும் இருப்பது தனிப் பயிற்சி. அதனால்தான் நல்ல கோல்கீப்பர்கள் ஓயாமல் பேசுகிறார்கள். பின்வரிசையை ஓரடி முன்னே வரச் சொல்வதும், குறுக்கே ஓடுபவரைக் காட்டிக்கொடுப்பதும் தோழிகளுக்கு எவ்வளவு உதவியோ அவ்வளவு அவர்களுக்கே உதவி. ஏர்ப்ஸின் குரல் மைதானத்தின் மறுமுனைவரை கேட்கும் என்பது பிரசித்தம்.

2022 ஐரோப்பியக் கோப்பையில் அவர் ஒரு நிமிடம்கூட விடாமல் ஆடினார். ஆறு ஆட்டங்களில் வாங்கியது இரண்டே கோல்கள். ஸ்வீடனுக்கு எதிரான அரையிறுதியில் முதல் நிமிடத்திலேயே சோஃபியா யாகோப்சன் அடித்ததைக் காலால் தடுத்தார். அந்த ஆட்டம் 4-0 என்று முடிந்ததால் அந்தத் தடுப்பைப் பலர் மறந்துவிட்டார்கள். அது உள்ளே போயிருந்தால் ஆட்டத்தின் போக்கே வேறாக இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. ஜூலை 31 அன்று வெம்ப்ளியில் 87,192 பேர் முன்னிலையில், கூடுதல் நேரத்தில் ஜெர்மனியை 2-1 என்று வென்றார்கள். வெற்றிக்குப் பின் வீக்மனின் செய்தியாளர் சந்திப்புக்குள் அணியே பாட்டுடன் புகுந்தது. மேசைமேல் ஏறி ஆடியவர் ஏர்ப்ஸ்.

இங்கே பெண் கோல்கீப்பர்களைப் பற்றி நெடுநாளாகச் சொல்லப்படும் ஒரு குறையைப் பேசியாக வேண்டும். கோல் சட்டகம் 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவு. ஏர்ப்ஸின் உயரம் ஏறத்தாழ 1.73 மீட்டர். ஆண்கள் ஆட்டத்தின் முன்னணி கோல்கீப்பர்கள் 1.90-ஐ எளிதில் தாண்டுபவர்கள். தலைக்கு மேலே வரும் பந்து பெண்களுக்கு இயல்பாகவே கடினம். கோலைச் சிறிதாக்கலாமா என்று பயிற்சியாளர் எம்மா ஹேய்ஸ் போன்றவர்கள்கூட ஒரு காலத்தில் கேட்டதுண்டு. 2023 உலகக் கோப்பை அரையிறுதியில் ஆஸ்திரேலியாவின் சாம் கெர் தொலைவிலிருந்து ஏர்ப்ஸின் தலைக்கு மேல் அடித்த கோலைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி புரியும். ஆனால் உயரத்தைவிடப் பெரிய பள்ளம் பயிற்சியில் இருந்தது. கோல்கீப்பிங்குக்கென்று தனிப் பயிற்சியாளர் பெண்கள் அணிகளில் வெகுகாலம் அபூர்வம். சிறு வயதில் கால்நகர்வும் விழும் முறையும் கற்றுத்தரப்படாதவர்களைப் பெரியவர்களான பின் கேலி செய்வது நியாயமில்லை. முழுநேரப் பயிற்சி கிடைத்த முதல் தலைமுறை வந்ததும் அந்தக் கேலி எவ்வளவு வேகமாக அடங்கியது என்பதே இதற்குப் போதுமான பதில்.

2023 ஆகஸ்ட் 20, சிட்னி. உலகக் கோப்பை இறுதி. ஓல்கா கார்மோனா 29-வது நிமிடத்தில் அடித்த கோலில் ஸ்பெயின் முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் இங்கிலாந்தின் கெய்ரா வால்ஷின் கையில் பந்து பட்டதா என்று நடுவர் டோரி பென்சோ திரைக்குப் போய் நெடுநேரம் பார்த்துவிட்டு பெனால்டி கொடுத்தார். அடிக்க வந்தவர் ஸ்பெயினின் ஜெனிஃபர் எர்மோசோ. பெனால்டியின்போது கோல்கீப்பரின் ஒரு பாதமாவது கோட்டின்மேல் இருக்க வேண்டும். காணொளி நடுவர் வந்தபின் அங்குலம் முன்னே வந்தாலும் பிடிபட்டுவிடும். 11 மீட்டர் தொலைவிலிருந்து வரும் பந்துக்கு, அடிப்பவரின் கால் பந்தைத் தொட்டபின் எதிர்வினை செய்ய நேரம் மிகக் குறைவு. அதனால் பலர் முன்கூட்டியே ஒரு பக்கம் சாய்ந்துவிடுவார்கள். அதைப் பார்த்து மறுபக்கம் தட்டிவிடுபவர்களுக்கு அதுதான் வேண்டும். ஏர்ப்ஸ் அவசரப்படவில்லை. எர்மோசோ தாழ்வாக அடித்த பந்து ஏர்ப்ஸின் இடப்பக்கம் வந்தது. அதே பக்கம் விழுந்து அதைத் தட்டிவிடாமல் பிடித்தே விட்டார். தட்டியிருந்தால் மறுபடி அடிக்க ஸ்பெயினுக்கு வழி இருந்திருக்கும். பிடித்ததால் அந்த ஆபத்து அங்கேயே முடிந்தது. எழுந்தபோது அவர் போட்ட கூச்சலை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது.

இங்கிலாந்து 1-0 என்று தோற்றது. போட்டியின் சிறந்த கோல்கீப்பருக்கான கோல்டன் குளவ் விருது ஏர்ப்ஸுக்குக் கிடைத்தது. ஃபிஃபாவின் சிறந்த பெண் கோல்கீப்பர் விருதை அடுத்தடுத்து இரண்டு முறை வாங்கினார். அந்த ஆண்டு இறுதியில் பிபிசியின் ஆண்டின் சிறந்த விளையாட்டு ஆளுமையாகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். முந்தைய பருவத்தில் யுனைடெட்டுக்காக 22 லீக் ஆட்டங்களில் 14-ல் கோல் வாங்கவில்லை. மகளிர் சூப்பர் லீக்கில் கோல் வாங்காத ஐம்பது ஆட்டங்களை எட்டிய முதல் கோல்கீப்பரும் அவரே.

இவ்வளவு புகழின் நடுவே ஒரு சிறுமி அவருடைய இங்கிலாந்துச் சட்டையை வாங்க நினைத்தால் கடையில் கிடைக்காது. மற்ற வீராங்கனைகளின் சட்டையை விற்ற நைக்கி நிறுவனம் பெண்கள் அணியின் கோல்கீப்பர் சட்டையை விற்பனைக்கே தயாரிக்கவில்லை. ஏர்ப்ஸ் போட்டிக்கு முன்பே இதைப் பொதுவில் சொன்னார். இது தன்னைப் புண்படுத்துகிறது என்றும், கோல்கீப்பராக ஆசைப்படும் குழந்தைகளிடம் நீங்கள் முக்கியமில்லை என்று சொல்வதற்குச் சமம் என்றும் பேசினார். இணைய மனுவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டார்கள். பிரிட்டிஷ் நாடாளுமன்றத்திலும் தீர்மானம் முன்வைக்கப்பட்டது. இறுதி ஆட்டத்துக்குப் பின் நிறுவனம் இறங்கி வந்தது. குறைந்த எண்ணிக்கையில் விற்பனைக்கு வந்த சட்டைகள் உடனுக்குடன் தீர்ந்தன. வாங்க ஆளில்லை என்ற வாதம் அன்றோடு செத்தது. ஏர்ப்ஸ் செய்த தடுப்புகளில் நீண்ட காலம் நிற்கப்போவது இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் இதன் பயன் அவருக்குப் பின்னால் வரும் ஒவ்வொரு கோல்கீப்பருக்கும் போய்ச் சேர்கிறது.

புகழின் உச்சியிலும் கிளப் மாற்றம் அவர் கையில் இல்லை. 2023 கோடையில் ஆர்சனல் அவரை விலைக்குக் கேட்டது. யுனைடெட் மறுத்தது. ஒப்பந்தம் 2024-ல் முடிந்தது. வெம்ப்ளியில் டாட்டன்ஹாமை 4-0 என்று வென்று எஃப்.ஏ. கோப்பையைத் தூக்கியபின், ஏர்ப்ஸ் மாற்றுத் தொகை ஏதுமின்றி பாரிஸ் செயிண்ட்-ஜெர்மெய்னுக்குப் போனார். விற்றிருந்தால் கிளப்புக்குப் பணமாவது வந்திருக்கும். ஒரு கோல்கீப்பருக்குச் சந்தை மதிப்பு உண்டு என்பதைப் பெண்கள் ஆட்டத்தின் நிர்வாகிகள் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் தேசிய அணியில் காற்று திசை மாறியிருந்தது. செல்சியின் ஹன்னா ஹாம்டன், 2000-ல் பிறந்தவர். பிறவியிலேயே மாறுகண் குறையால் தொலைவைக் கணிப்பதில் சிரமம் இருந்ததால், தொழில்முறை ஆட்டம் வேண்டாம் என்று மருத்துவர்களால் சொல்லப்பட்டவர். காலால் பந்தைக் கையாளுவதில் மிகத் தேர்ந்தவர். இன்றைய ஆட்டத்தில் தாக்குதல் கோல்கீப்பரின் பாதத்திலிருந்து தொடங்குகிறது. எதிரணி நெருக்கும்போது நாற்பது மீட்டர் தூரத்தில் நிற்கும் தோழியின் காலடிக்குப் பந்தை அனுப்பத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடியிருக்கிறது. ஹாம்டன்தான் முதல் கோல்கீப்பர் என்று வீக்மன் முடிவெடுத்தார். 2025 மே 27 அன்று, ஐரோப்பியக் கோப்பைக்கு ஐந்து வாரங்கள் இருக்கையில், 53 ஆட்டங்களுடன் ஏர்ப்ஸ் சர்வதேச ஓய்வை அறிவித்தார்.

அணியை நெருக்கடியில் விட்டுவிட்டார் என்று சிலர் குறை சொன்னார்கள். நவம்பரில் வெளியான தன்வரலாற்றில் அவர் இந்த முடிவைப் பற்றிக் கசப்புடன் எழுதியது மேலும் எதிர்ப்பைக் கிளப்பியது. அந்தக் கசப்பில் இளையவரான ஹாம்டனை இழுத்திருக்க வேண்டியதில்லை என்பதே என் கருத்து. ஆனால் விலகியதில் நான் குறை காணமாட்டேன். 2019-ல் ஆடாமல் ஊர் திரும்பியதன் வலி அவருக்குத் தெரியும். வீக்மனையும் குறை சொல்ல முடியாது. பழைய பெயரைப் பார்க்காமல் இன்றைய ஆட்டத்தைப் பார்த்து 2021-ல் ஏர்ப்ஸைத் தூக்கிவிட்டது எந்தக் கொள்கையோ, அதே கொள்கைதான் 2025-ல் அவரைக் கீழே இறக்கியது. முடிவும் பலித்தது. காலிறுதியில் ஸ்வீடனுக்கு எதிராக மூக்கில் ரத்தம் வழிய ஆடிய ஹாம்டன் பெனால்டிகளைத் தடுத்தார். பாசெலில் நடந்த இறுதியில் ஸ்பெயினின் மரியோனா கால்தெந்தே, ஐத்தானா பொன்மத்தி இருவரின் பெனால்டிகளையும் தடுத்தார். சிறந்த கோல்கீப்பருக்கான யாஷின் விருதை அந்தச் செப்டம்பரில் முதன்முதலாகப் பெண்களுக்கும் கொடுத்தபோது அதை வாங்கியவரும் அவரே.

எனக்கு இதில் கவலை தருவது வேறு. ஏர்ப்ஸ் விலகியபின் ஐரோப்பியக் கோப்பைக்காகச் சுவிட்சர்லாந்துக்குப் போன அணியில் ஹாம்டனுக்குத் துணையாக இருந்தவர்கள் அன்னா மூர்ஹவுஸ், கியாரா கீட்டிங். இருவரும் அதுவரை இங்கிலாந்துக்காக ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. நான்கு ஆண்டுகளாகப் பெரும்பாலான ஆட்டங்களை இரண்டே பேர் பங்கிட்டுக்கொண்டதன் விளைவு இது. 20-0 என்று முடியும் ஆட்டங்களில்கூட மூன்றாவது ஆளை இறக்கிப் பார்க்கப் பெரும்பாலான பயிற்சியாளர்களுக்கு மனம் வருவதில்லை. ஹாம்டனின் மூக்கில் பட்ட அடி கொஞ்சம் பலமாக இருந்திருந்தால், ஐரோப்பியக் கோப்பைக் காலிறுதியின் பெனால்டிகளுக்கு வாழ்நாளின் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடும் ஒருவர்தான் நின்றிருக்க வேண்டும். நட்பு ஆட்டங்களில் சிலவற்றையாவது இரண்டாவது, மூன்றாவது கோல்கீப்பர்களுக்கென்று ஒதுக்கி வைப்பது ஒரு சங்கத்துக்குப் பெரிய செலவில்லை. பட்டியல் எழுதும்போதே அதை எழுதிவிடலாம்.